கண்ணாடிக் குண்டின் வயது என்ன?

தம்பி, தங்கைகளே! முதலில் ஒரு புதிர்.

உருண்டையாக இருக்கும், பந்து இல்லை. கையில் எடுத்தால் கனக்கும். பேப்பர் வெயிட் இல்லை. நடுவில் குழி இருக்கும், மைக்கூடு இல்லை. உடம்பைச் சுற்றி வளையம் வளையமாகக் கோடு இருக்கும், பம்பரமும் இல்லை. கழுத்தில் மட்டும் ஒரு வெள்ளிக் காப்பு! அது என்ன?

தெரியவில்லையா? பரவாயில்லை. உங்கள் தாத்தா பாட்டியைக் கேட்டாலும் அநேகமாக உதட்டைப் பிதுக்குவார்கள். ஏனென்றால் இது நம் ஊர்ப் பொருள் அல்ல. சுமார் நூறு, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பு இங்கிலாந்தில் வசதியான வீடுகளில் மேசைமேல் இருந்த பொருள். இதை 'மேட்ச் ஸ்டிரைக்கர்' என்பார்கள். தீக்குச்சி வைக்கவும், உரசிப் பற்ற வைக்கவும் ஒரே பாத்திரம். நாம் 'உரசு குண்டு' என்று செல்லமாகப் பெயர் வைத்துக்கொள்வோமே!

நடுக்குழியில் தீக்குச்சிகளைத் தலை மேலே தெரியும்படி செருகி வைப்பார்கள். விளக்கையோ மெழுகுவத்தியையோ ஏற்ற வேண்டுமா? ஒரு குச்சியை எடுத்து, குண்டின் வயிற்றில் இருக்கும் வளையக் கோடுகளில் 'சரக்' என்று ஓர் உரசல். தீ பிடித்துக்கொள்ளும்.

தீப்பெட்டி இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பீர்கள். தீப்பெட்டியில் உரச எத்தனை கை வேண்டும்? ஒரு கையில் பெட்டி, ஒரு கையில் குச்சி. உரசு குண்டுக்கு ஒரே கை போதும். அதனால்தான் அதை அத்தனை கனமாகச் செய்தார்கள். லேசாக இருந்தால் உரசும்போது உருண்டு ஓடிவிடும் அல்லவா? அத்துடன் படம் ஒட்டிய மலிவான தீப்பெட்டி அலங்கார மேசையில் கிடப்பதை அந்த வீட்டுக்காரர்கள் விரும்பவில்லை. பெருமைக்காரர்கள்!

ஆசிரியர் தோற்ற கதை

நான் ஆறாம் வகுப்பு ஆசிரியராக இருந்தபோது, தீக்குச்சியின் வரலாற்றைச் சொல்லும் நாளில் இந்தக் குண்டைப் பற்றியும் சொன்னேன். உடனே கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "சார், கண்ணாடியில உரசினா எப்படி சார் பத்தும்? பத்த வச்சுக் காட்டுங்க சார்!"

அலுவலக அறையிலிருந்து ஒரு கண்ணாடி டம்ளரையும் ஒரு தீப்பெட்டியையும் எடுத்து வந்தேன். உரசினேன். குச்சி ஒடிந்தது. இன்னொன்று எடுத்தேன். அதன் மருந்து உதிர்ந்தது. மூன்றாவதும் அப்படியே. வகுப்பு முழுக்கச் சிரிப்பு. ஆசிரியர் தோற்றுப் போனால் பிள்ளைகளுக்கு எத்தனை ஆனந்தம்!

தோற்றதற்குக் காரணம் இரண்டு. டம்ளர் வழவழப்பானது, அதில் சொரசொரப்பான கோடுகள் இல்லை. அதைவிடப் பெரிய காரணம், குச்சி. நம் சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டிப் பக்கம் செய்யும் தீக்குச்சிகள் 'பாதுகாப்புத் தீக்குச்சி' வகையைச் சேர்ந்தவை. பற்றுவதற்கு வேண்டிய மருந்தில் பாதி குச்சியின் தலையில் இருக்கிறது. மீதி, பெட்டியின் பக்கவாட்டுப் பட்டையில் இருக்கிறது. தலையில் பொட்டாசியம் குளோரேட். பட்டையில் சிவப்பு பாஸ்பரஸ். இரண்டும் சந்தித்தால்தான் தீ. அதனால் வேறெங்கு உரசினாலும் சாதாரணமாகப் பற்றாது.

உரசு குண்டு இருந்த காலத்துக் குச்சிகள் வேறு மாதிரி. எல்லா மருந்தும் தலையிலேயே இருக்கும். செருப்பின் அடியில் உரசலாம், சுவரில் உரசலாம், செங்கல்லில் உரசலாம். எங்கு உரசினாலும் தீ! ஆக, உரசு குண்டு ஒன்று கண்ணில் பட்டால், 'எங்கும் உரசும் குச்சி' புழங்கிய வீட்டிலிருந்து அது வந்திருக்கிறது என்று ஊகிக்கலாம்.

(இதைப் படித்துவிட்டு யாரும் சமையலறைக்கு ஓடிப்போய்த் தீப்பெட்டியை எடுக்கக் கூடாது. பெரியவர்கள் பக்கத்தில் இல்லாமல் தீக்குச்சியைத் தொடவே கூடாது. சரியா?)

உரசிப் பற்ற வைக்கும் தீக்குச்சியைக் கண்டுபிடித்தவர் ஜான் வாக்கர். இங்கிலாந்தில் ஸ்டாக்டன் என்ற ஊரில் மருந்துக்கடை வைத்திருந்தார். ஆண்டு 1826. அடுத்த ஆண்டு ஏப்ரல் மாதம் விற்பனையும் தொடங்கிவிட்டார். அவருடைய குச்சியை, மடித்த உப்புத்தாளுக்கு நடுவில் வைத்து இழுக்க வேண்டும். அவர் காப்புரிமை வாங்கவில்லை. பலரும் அதைப் பார்த்துச் செய்யத் தொடங்கினார்கள். 1830-ஐ ஒட்டிப் பிரான்ஸ் நாட்டில் சார்ல் சோரியா என்பவர் குச்சித் தலையில் வெள்ளை பாஸ்பரஸைச் சேர்த்தார். அதன்பிறகு குச்சி சுலபமாகப் பற்றியது. உப்புத்தாளும் தேவைப்படவில்லை. ஆனால் அந்த வெள்ளை பாஸ்பரஸ் ஒரு பொல்லாத பொருள். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இது அதுதானா?

பழம்பொருள் கடைகளில் குழி உள்ள கண்ணாடிச் சாமான்கள் நிறைய இருக்கும். பல்குத்தும் குச்சி வைக்கும் கிண்ணம், மைக்கூடு, உப்புக் கிண்ணம், சின்னப் பூச்சாடி என்று பலவும் உண்டு. விற்பவரே சில சமயம் மாற்றிச் சொல்லிவிடுவார். நாம்தான் கவனிக்க வேண்டும்.

முதலில் கோடுகளைப் பாருங்கள். அழகுக்காக வெட்டிய கோடுகளை மெருகேற்றி வைத்திருப்பார்கள். விரலால் தடவினால் வழுவழு என்று இருக்கும். உரசுவதற்காக அறுத்த கோடுகளுக்கு மெருகு போடமாட்டார்கள். போட்டால் குச்சி வழுக்கிவிடுமே! நகத்தால் மெல்ல வருடினால் 'சர சர' என்று பிடிக்கும். இது ஒன்றே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும்.

அடுத்தது குழி. தீக்குச்சியின் தலை வெளியே தெரிய வேண்டும். எனவே குழி குச்சியைவிட ஆழமாக இருக்க முடியாது. குண்டு பெரிதாக இருந்தாலும் குழி சிறியது. மீதியெல்லாம் கெட்டிக் கண்ணாடி. மைக்கூடானால் மை நிறையக் கொள்ள வேண்டும். அதன் வயிறு அகலமாக இருக்கும், மூடியும் இருக்கும்.

மூன்றாவது, எனக்கு மிகவும் பிடித்த அடையாளம். கோடுகளின் பள்ளத்தில் பழுப்பாகவோ கறுப்பாகவோ கீற்றுகள் தெரிகின்றனவா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். யாரோ எப்போதோ உரசிய குச்சிகளின் மிச்சம் அது. பெரும்பாலும் ஒரே பக்கம் அதிகமாக இருக்கும். ஏன்? மனிதர்கள் ஒரு பொருளை ஒரே இடத்தில் வைத்து, ஒரே கையால், ஒரே பக்கத்தில் உரசுவதுதான் வழக்கம்.

இப்போது புதிதாகவும் இத்தகைய குண்டுகள் செய்கிறார்கள். மெழுகுவத்திப் பிரியர்கள் வாங்கி அலங்காரமாக வைக்கிறார்கள். அதில் தவறில்லை, பழையது என்று சொல்லி விற்பதுதான் தவறு. புதியவை சிலவற்றின் அடியில் உரசும் பட்டையைக் காகிதமாக வெட்டி ஒட்டியிருப்பார்கள். அதைப் பார்த்தவுடன் சிரித்துவிட்டு வந்துவிடலாம்.

அடிப்பாகமும் கதை சொல்லும். நூறு வருடம் மேசைமேல் அங்கும் இங்கும் நகர்ந்த குண்டின் அடியில், மெல்லிய கீறல்கள் பல திசையிலும் தாறுமாறாக ஓடும். பழையது போலக் காட்டுவதற்காக உப்புத்தாளில் தேய்த்தால், கீறல்கள் ஒரே போக்கில் வரிசையாக விழும். தாறுமாறாக இருப்பதுதான் நல்ல அடையாளம். இப்படி நான் சொல்வது அநேகமாக இந்த ஒரு விஷயத்தில்தான்!

வெள்ளிக் காப்பில் ஒரு நாள்காட்டி

இது எந்த ஆண்டுப் பொருள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கண்ணாடியை மட்டும் பார்த்துத் துல்லியமாகச் சொல்வது கடினம். நல்லவேளையாக, இங்கிலாந்துக் குண்டுகள் பலவற்றின் கழுத்தில் வெள்ளி வளையம் இருக்கிறது. அந்த வளையம் ஒரு நாள்காட்டி.

இங்கிலாந்தில் வெள்ளிச் சாமான் செய்தால் சும்மா விற்றுவிட முடியாது. அதற்கென்று உள்ள சோதனைக் கூடத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே உரைத்துப் பார்த்து முத்திரை குத்துவார்கள். நடந்து போகும் சிங்கம் இருந்தால், ஆயிரம் பங்கில் 925 பங்கு சுத்த வெள்ளி என்று பொருள். இன்னொரு முத்திரை, எந்த ஊரில் சோதித்தார்கள் என்று சொல்லும். சிறுத்தைத் தலை என்றால் லண்டன். அந்தக் காலத்தில் கிரீடம் என்றால் ஷெஃபீல்டு. நங்கூரம் என்றால் பர்மிங்ஹாம்.

பர்மிங்ஹாமில் கடலே கிடையாது. பிறகு எதற்கு நங்கூரம்? 1773-இல் ஷெஃபீல்டுக்கும் பர்மிங்ஹாமுக்கும் சோதனைக் கூடம் கேட்டு லண்டனில் கூடிப் பேசினார்களாம். கூடிய விடுதியின் பெயர் 'கிரீடமும் நங்கூரமும்'. ஆளுக்கு ஒன்றை எடுத்துக்கொண்டார்கள் என்று ஒரு கதை உண்டு.

மூன்றாவது முத்திரைதான் நமக்கு முக்கியம். அது ஓர் ஆங்கில எழுத்து. ஆண்டுக்கு ஓர் எழுத்து. பர்மிங்ஹாமில் 1900-இல் சின்ன 'ஏ'-யில் புதிய வரிசை தொடங்கியது. அடுத்த ஆண்டு 'பி', அதற்கடுத்து 'சி'. வரிசை முடிந்தால் எழுத்தின் வடிவத்தை மாற்றி மறுபடி முதலிலிருந்து. எழுத்தை மட்டும் பார்த்தால் போதாது. அது சின்ன எழுத்தா, பெரிய எழுத்தா, வளைவு நெளிவான பழைய பாணியா என்பதையும் பார்க்க வேண்டும். எழுத்து மாறுவது ஜனவரியில் அல்ல, ஆண்டின் நடுவில். ஆகவே ஓர் எழுத்து இரண்டு ஆண்டுகளில் பாதிப் பாதியாக வரும்.

இப்போது கணக்கு. ஒரு குண்டின் கழுத்தில் சிங்கம், நங்கூரம், 1900-இல் தொடங்கிய வரிசையைச் சேர்ந்த சின்ன 'கே' எழுத்து இருக்கின்றன. எந்த ஆண்டு? விரல் விட்டு எண்ணுங்கள்.

ஆங்கிலத்தில் 'கே' பதினோராவது எழுத்து. அப்படியானால் 1910 என்று பலர் சொல்லியிருப்பீர்கள். தவறு! அந்த வரிசையில் 'ஜே' எழுத்தை விட்டுவிட்டார்கள். 'ஐ'-க்கும் 'ஜே'-க்கும் குழப்பம் வந்துவிடும் என்பதால் இப்படி ஓர் எழுத்தை விடுவது அங்கே வழக்கம். எனவே சரியான விடை 1909. அதாவது 1909 நடுப்பகுதி முதல் 1910 நடுப்பகுதி வரை.

வேறு சில தடயங்களும் உண்டு. அரசர் அல்லது அரசியின் தலை முத்திரையாக இருந்தால், வெள்ளிக்கு வரி கட்டியாயிற்று என்று பொருள். அந்த வரி 1784 முதல் 1890 வரைதான் இருந்தது. 'இ.பி.என்.எஸ்.' என்று நான்கு எழுத்து இருந்தால் ஏமாந்துவிடாதீர்கள். அது வெள்ளியே இல்லை, வெள்ளி முலாம். நம் வீட்டில் எவர்சில்வர் டம்ளரைச் 'சில்வர் டம்ளர்' என்று சொல்லிக்கொள்கிறோமே, கிட்டத்தட்ட அந்த மாதிரிதான்!

வெள்ளி வளையமே இல்லாத குண்டுகளும் உண்டு. அவற்றில் வடிவமைப்பைப் பதிவு செய்த குறி இருக்கிறதா என்று பாருங்கள். 1842 முதல் 1883 வரை பிரிட்டனில் சாய்சதுர வடிவக் குறி போட்டார்கள். 1884-இல் அதை நிறுத்திவிட்டு, ஒன்றிலிருந்து எண் போடத் தொடங்கினார்கள். 1900 தொடங்கும்போது அந்த எண் மூன்றரை லட்சத்தைத் தாண்டியிருந்தது. அடியில் 'இங்கிலாந்து' என்று நாட்டின் பெயர் இருந்தால், அது அநேகமாக 1891-க்குப் பிறகு செய்தது. ஏனென்றால் இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா போட்ட சட்டம் அந்த ஆண்டில்தான் நடைமுறைக்கு வந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை. பதிவு எண் சொல்வது, வடிவம் பதிவான ஆண்டை; பொருள் செய்த ஆண்டை அல்ல. உங்கள் அம்மாவின் அஞ்சறைப் பெட்டிக்குள் இப்போதைய 500 ரூபாய் நோட்டு ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை உள்ளே வைத்தது 2016 நவம்பருக்குப் பிறகு என்று சொல்லலாம். சரியாக என்றைக்கு என்று சொல்ல முடியுமா? பதிவு எண்ணும் அப்படித்தான். 'இதற்கு முன்னால் இல்லை' என்று மட்டுமே சொல்லும்.

வெள்ளி முத்திரையிலும் ஒரு பொறி உண்டு. அது வெள்ளியின் வயதைத்தான் சொல்கிறது, கண்ணாடியின் வயதை அல்ல. கண்ணாடி உடைந்து போய், பழைய காப்பைப் புதுக் குண்டுக்கு மாட்டியிருக்கலாம். காப்பு கண்ணாடியோடு இறுக்கமாகப் பொருந்துகிறதா, இடையில் புதுப் பசை தெரிகிறதா என்று பார்க்காமல் முடிவு சொல்லக் கூடாது.

1909-இல் என்ன?

நம்முடைய 'கே' எழுத்துக் குண்டுக்குத் திரும்புவோம். அந்த எழுத்தை நான் வேண்டுமென்றேதான் தேர்ந்தெடுத்தேன். வெள்ளை பாஸ்பரஸ் பொல்லாதது என்று சொன்னேன் அல்லவா? அது சுமார் 30 டிகிரி வெப்பத்திலேயே காற்றில் தானாகத் தீப்பற்றக் கூடியது. நம் ஊர்ச் சித்திரை வெயிலே அதற்குப் போதும்! ஆனால் தீயைவிடக் கொடியது அதன் நஞ்சு. தொழிற்சாலையில் அதன் ஆவியை நாள்தோறும் சுவாசித்தவர்களுக்கு முதலில் பல்வலி வரும். பிறகு தாடை வீங்கும். பிறகு தாடை எலும்பே அரித்து அழுகிப் போகும். பலர் முகம் உருக்குலைந்தார்கள். பலர் இறந்தே போனார்கள்.

இப்படி வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் ஏழைப் பெண்கள், சிறுமிகள். லண்டனின் கிழக்குப் பகுதியில் பிரையண்ட் அண்ட் மே என்ற பெரிய தீப்பெட்டித் தொழிற்சாலை இருந்தது. பேசினால் அபராதம், குச்சி கீழே விழுந்தால் அபராதம். சாப்பாட்டுக்குத் தனி இடம் கிடையாது; வேலை செய்யும் இடத்திலேயே ரொட்டியைத் தின்ன வேண்டும். ரொட்டியோடு பாஸ்பரஸும் வயிற்றுக்குள் போகும்.

1888 ஜூன் மாதம் ஓர் அம்மையார் இந்தப் பெண்களிடம் நேரில் விசாரித்துப் பத்திரிகையில் எழுதினார். நிர்வாகம் கோபம் கொண்டது. 'எழுதியதெல்லாம் பொய்' என்று கையெழுத்துப் போடச் சொல்லிப் பெண்களை வற்புறுத்தியது. அவர்கள் மறுத்தார்கள். ஒரு பெண்ணை வேலையிலிருந்து நீக்கியதும், ஜூலையில் சுமார் 1,400 பேர் வேலையை நிறுத்திவிட்டு வெளியே வந்துவிட்டார்கள். அவர்களில் உங்களைவிட நாலைந்து வயது மட்டுமே பெரியவர்களும் இருந்தார்கள். ஏறக்குறைய இரண்டு வாரத்தில் நிர்வாகம் இறங்கி வந்தது. அபராதம் ஒழிந்தது. சாப்பிடத் தனி அறை கிடைத்தது.

எழுதிய அம்மையார் யார் தெரியுமா? அன்னி பெசன்ட். ஆமாம், சென்னையில் பெசன்ட் நகர் இருக்கிறதே, அந்தப் பெசன்ட்தான்! பிற்காலத்தில் இந்தியாவுக்கு வந்து, அடையாறில் வாழ்ந்து, 1917-இல் காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை தாங்கி, 1933-இல் அடையாறிலேயே காலமானார்.

ஆனால் வேலைநிறுத்தம் வென்ற பிறகும் வெள்ளை பாஸ்பரஸ் போய்விடவில்லை. அந்தத் தொழிற்சாலை அதை விட்டது 1901-இல்தான். இதற்கிடையே 1898-இல் பிரான்ஸ் நாட்டு வேதியியலாளர்கள் இருவர், பாஸ்பரஸையும் கந்தகத்தையும் சேர்த்த ஒரு பொருளால் எங்கும் உரசும் குச்சி செய்யலாம் என்று காட்டினார்கள். அதில் தாடை அரிக்கும் நஞ்சு இல்லை. மாற்று வழி கிடைத்த பிறகும் பத்து ஆண்டு கழித்தே, 1908-இல், பிரிட்டன் வெள்ளை பாஸ்பரஸ் தீக்குச்சியைத் தடை செய்து சட்டம் போட்டது. தயாரிப்புக்கான தடை 1910 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது. இந்தியாவில் 1913-இல் சட்டம் வந்தது.

இப்போது பாருங்கள். நம் குண்டின் காப்பில் முத்திரை விழுந்தது 1909-க்கும் 1910-க்கும் நடுவில். சரியாக எல்லைக்கோட்டில் பிறந்த குண்டு! அது புதிதாக இருந்தபோது அதில் செருகிய குச்சிகள் பழைய நஞ்சுக் குச்சிகளாகவும் இருந்திருக்கலாம். புதிய குச்சிகளாகவும் இருந்திருக்கலாம். பார்வைக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். குண்டின் சொரசொரப்பான வயிற்றில் இரண்டுமே பற்றியிருக்கும்.

அதனால்தான் பழம்பொருள் சேர்ப்பவர்களிடம் ஒன்று சொல்வேன். பளபளப்பாக்குகிறேன் என்று அந்தப் பள்ளங்களைச் சோப்பும் பிரஷும் போட்டுத் தேய்க்காதீர்கள். வெள்ளிக் காப்பையும் அழுத்தித் துடைக்காதீர்கள். முத்திரை மழுங்கிவிட்டால் எழுத்து 'சி'-யா 'இ'-யா என்று தெரியாமல் போய்விடும். உலர்ந்த மெல்லிய துணி போதும்.

கடைசியாக உங்களுக்கு ஒரு துப்பறியும் வேலை. ஒரு கடையில் உரசு குண்டு ஒன்று இருக்கிறது. வெள்ளிக் காப்பில் சிங்கம், சிறுத்தைத் தலை, விக்டோரியா அரசியின் தலை. கடைக்காரர், "இது 1895-இல் லண்டனில் முத்திரை குத்தியது" என்கிறார். அவர் சொல்வது சரியா? மேலே ஒரு முறை படித்துவிட்டு விடையைப் பாருங்கள்.

விடை: லண்டன் என்பது சரி. 1895 என்பது தவறு. அரசியின் தலை இருப்பதால் முத்திரை 1890-க்குப் பிந்தியதாக இருக்க முடியாது.